நஸ்ரின் வந்தால் ஓடும் மெஷின்

எங்கள் அலுவலகத்தில் புதிய மெஷின்களின் தொடக்கக் கோப்புகளை இப்போது யாரும் கையால் திருத்துவதில்லை. ஏதாவது கெட்டால் முழு சிஸ்டத்தையும் புதிதாக இறக்கிவிடுகிறார்கள். பழைய மெஷின்கள் சில மட்டும் வாசுதேவநல்லூர்ப் பக்கமும் புளியங்குடிப் பக்கமும் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் போய்விட்டு வந்த இரண்டு புதுப் பெண்கள், நான் வேலையிலிருந்து விலகும் வாரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்கள்.

"அக்கா, ஒத்த வரியைத் திருத்துததுக்கு இவ்வளவு கேள்வியா? பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேக்க மாட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"யாரு எழுதுன டூல் அது? ஒவ்வொரு கேள்வியும் யாரோ பட்ட சூடு மாதிரில்லா இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

இரண்டாமவள் சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் அவசரத்தில் இருந்ததால் விரிவாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் வயதில் 'ஓய்வு பெற்றேன்' என்று எழுதினால் சிரிப்பார்கள். அடுத்த மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். அது வேறு வேலை. ஊர் ஊராகப் போய், அடுத்தவர் மெஷினின் முன் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அது நல்லபடியாக எழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கோவில்பட்டியில் படித்தேன். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பயிற்சி, அதில் பாதி மறந்துவிட்டது. பிறகு சங்கரன்கோவிலில் இந்த அலுவலகம். ராஜபாளையம் சாலையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடி. விசைத்தறிக் கூடங்கள், எடைமேடைகள், கமிஷன் கடைகள், சிறிய ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவைதான் வாடிக்கையாளர்கள். பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர்கள். அவற்றில் லினக்ஸ் போட்டு ஓடவைத்துப் பராமரிப்பது எங்கள் தொழில்.

ஒரு கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் சில கோப்புகளைப் படிக்கும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது, எந்த வேலையை முதலில் தொடங்குவது என்று அவற்றில் எழுதியிருக்கும். எல்லாம் சாதாரண எழுத்துதான். யாரும் திறந்து மாற்றலாம். ஆனால் மற்றக் கோப்பில் பிழை விட்டால் ஒரு புரோகிராம் கோளாறு பண்ணும். இதில் பிழை விட்டால் மெஷினே எழாது. எழாத மெஷினில் பிழையைத் திருத்தவும் எளிதில் முடியாது. வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

நான் சேர்ந்த முதல் வருடம் அப்படி ஒரு கதவு சாத்திக்கொண்டது. புளியங்குடியில் ஓர் எலுமிச்சைக் கமிஷன் கடை. என்னோடு வேலை பார்த்த பால்துரை போயிருந்தான். பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றிவிட்டு அதற்கான வரியை அழிக்க வேண்டும். அவன் அதற்குப் பக்கத்து வரியை அழித்துவிட்டான். ரீஸ்டார்ட் செய்தான். மெஷின் எழவில்லை. ஏலம் நடக்கும் காலை நேரம். எடை போட்ட மூட்டைகளுக்குச் சீட்டு வராமல் வண்டிகள் வரிசையில் நின்றன.

"ஏலே, எலுமிச்சம்பழம் ஒன் மெஷினுக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்? வெயில்ல வேகுதுல்லா! ஒன்னியப் பிழிஞ்சுதான் இன்னைக்குச் சாறு எடுக்கணும்" என்றாராம் கடைக்காரர். பால்துரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் எங்கள் மேலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி அந்த டூலை எழுதினார். பெயர் நிதானம். கறுப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்து, எந்தக் கோப்பு என்று சொன்னால் போதும். அது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். முதலில், அசல் கோப்பைத் திறக்கவே விடாது; ஒரு நகலைத்தான் திறக்கும். திருத்தி முடித்ததும் நகலை வரிவரியாகச் சோதிக்கும். எழுதியிருக்கும் டிஸ்க் உண்மையிலேயே மெஷினில் இருக்கிறதா, எழுதியிருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்து, அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தனியே காட்டி, 'இதுதான் நீங்கள் நினைத்ததா?' என்று கேட்கும். ஆம் என்றால் அசலைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துவிட்டு, நகலை ஒரே நொடியில் அதன் இடத்துக்குக் கொண்டுவரும். பாதி எழுதிய நிலையில் கரண்ட் போனாலும் கோப்பு பாதியாக நிற்காது. கடைசியில் ரீஸ்டார்ட். எழுந்த பிறகு நிதானத்தை மறுபடி ஓட்ட வேண்டும். கோப்பில் எழுதியபடி எல்லாம் சேர்ந்திருந்தால் 'சரி' என்று ஒரு சொல் வரும்.

இந்த டூலை ஒவ்வொரு மெஷினிலும் போட்டுவைக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. வாடிக்கையாளர் மெஷினில் நம்முடைய பொருளை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் எல்லோரிடமும் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதைச் செருகி, அதிலிருந்தே நிதானத்தை ஓட்டுவோம். 'சரி' வரும்வரை பென்டிரைவைக் கழற்றக் கூடாது என்பது அலுவலகச் சட்டம்.

அண்ணாச்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெங்களூரில் பெரிய இடத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். போனை எடுத்ததும் ஹலோ சொல்ல மாட்டார், "மெஷின் எந்திரிச்சிருக்கா, படுத்திருக்கா?" என்பார். அடுத்தவர் கீபோர்டைத் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சேமிக்கப் போகும் நேரத்தில் "வாசி" என்று ஒரு சொல் வரும். எழுதிய வரியை எழுத்தெழுத்தாக உரக்க வாசிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்காமல் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. பட்டனை வாடிக்கையாளரே அமுக்க வேண்டும். "அவாள் மெஷின். எழுப்புததும் அவாளாத்தான் இருக்கணும்" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். 'ஏட்டி ராஜி' என்று கூப்பிடுகிறவர் திடீரென்று 'நீங்க' என்று ஆரம்பித்தால், நாங்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம்.

நிதானம் வந்த பிறகு பல வருடங்கள் ஒரு மெஷின்கூடப் படுக்கவில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. எங்களுக்கும் உண்டு.

நஸ்ரின் சேர்ந்தது அதன் பிறகு. கடையநல்லூர்ப் பெண். அவளுடைய வாப்பா பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்து ஊரில் ஒரு கடை வைத்திருந்தார். மகள் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டபோது மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போகும் வேலை என்றதும் தயங்கினார். கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் முதல் ஒரு வருடம் சோதனைக் காலம். "வருசம் முடிஞ்சு வச்சுக்கிட்டாங்கன்னா போ. வேண்டாம்னுட்டாங்கன்னா அதோட விட்டுரு. வீட்லயே ஏதாவது பாரு" என்று சொல்லியிருந்தார். நஸ்ரின் இதைச் சேர்ந்த வாரமே என்னிடம் சொன்னாள், பஸ் நேரம் சொல்வது போலச் சாதாரணமாக. அந்த வருடம் முடியப் போகும் தறுவாயில்தான் ஆஸ்பத்திரி விஷயம் வந்தது.

புளியங்குடியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. அதன் ரத்தப் பரிசோதனை லேபில் எங்கள் மெஷின் ஒன்று. முடிவுகள் எல்லாம் அதில்தான் ஏறும், அதிலிருந்துதான் அச்சாகும். முடிவுகளுக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், வெளியிலிருந்து கேபிளில் இணைக்கும் டிஸ்க் ஒன்றை வாங்கினார்கள். மெஷின் எழும்போதே அந்த டிஸ்க்கும் சேரும்படி தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். நஸ்ரினுக்குத் தனியாகக் கொடுத்த முதல் வேலை. போனாள், பென்டிரைவைச் செருகிவிட்டு டிஸ்க்கை இணைத்தாள், நிதானத்தை ஓட்டினாள், வரியை எழுதினாள், வாசித்தாள். லேபில் இருந்த முத்துலெட்சுமி அக்கா பட்டனை அமுக்கினார். மெஷின் எழுந்தது. 'சரி' வந்தது. பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை முத்துலெட்சுமி அக்கா போன் செய்தார். மெஷின் எழவில்லை, கம்பெனிப் படம் மட்டும் வந்து அப்படியே நிற்கிறது. எரிந்துவிடுமோ என்று பயந்து அணைத்துவிட்டாராம். நஸ்ரின் ஓடினாள். போய் உட்கார்ந்து, பென்டிரைவைச் செருகி, அக்காவைப் பட்டன் அமுக்கச் சொன்னாள். மெஷின் சமத்தாக எழுந்தது. நிதானம் 'சரி' என்றது. கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள்.

அடுத்த நாளும் அதே கதை. இவள் இல்லாதபோது எழாது. இவள் போனால் எழும்.

"இதென்னம்மா, புது மாப்ள வந்தாத்தான் உலை கொதிக்கும்ங்கிற மாதிரி? நீ பேசாம இங்கனயே ஒரு பாயப் போட்டுப் படுத்துக்கோ" என்று முத்துலெட்சுமி அக்கா சொன்னாராம். காய்ச்சல் பரவியிருந்த சமயம். ரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வாசலில் கூட்டம். மெஷின் படுத்த நேரமெல்லாம் அவர் முடிவுகளைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை டாக்டரே அண்ணாச்சியைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றாராம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு நஸ்ரினின் மேசைக்கு வந்தார். கை பின்னால் கட்டியிருந்தது.

"நீங்க நிதானம் போட்டுத்தான் எழுதுனீங்களா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"கையால தொடலியே?"

"இல்ல அண்ணாச்சி. 'சரி' வந்த பெறவுதான் கழத்துனேன்."

"நிதானம் போட்டிருந்தா இது நடக்காது" என்றார் அவர். அவ்வளவுதான். குரலில் ஒன்றுமில்லை. 'பொய் சொல்கிறாய்' என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கவில்லை. "மாசக் கடைசியில உங்க வருசம் முடியுதுல்லா? அப்பப் பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நஸ்ரின் எழுந்து மாடிப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, அவங்க சொல்லுததுக்கு முன்ன நானே சொல்லிரட்டா? வேண்டாம்னு அனுப்பிட்டாங்கன்னு வாப்பாகிட்ட போய் நிக்கதுக்கு, நானே விட்டுட்டேன்னு சொன்னா கொஞ்சம் கவுரதையா இருக்கும்."

"விடுததுன்னா நாளைக்கு விடு. அதுக்குக் காலம் நேரமா பாக்கணும்? இன்னைக்கு என்கூட புளியங்குடிக்கு வா" என்றேன்.

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல பெண் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. கையால் தப்பாக எழுதியிருந்தால், மெஷின் முதல் ரீஸ்டார்ட்டிலேயே படுத்திருக்க வேண்டும். இது எழுகிறது, பிறகு எழவில்லை, மறுபடி எழுகிறது. எழுத்துப் பிழை அப்படி மாறி மாறி நடக்காது. அண்ணாச்சி அறைக்குப் போய் மதியம்வரை அவகாசம் கேட்டேன். "நீங்க பாருங்க" என்றார், தலையைத் தூக்காமல். எனக்கும் மரியாதை கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் நஸ்ரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். மெஷின் எழும்போது அங்கே என்னென்ன இருக்கின்றன? எழாதபோது என்னென்ன இல்லை? ஒன்று, நஸ்ரின். இரண்டு, அவளுடைய பை. மூன்று, போன். நான்கு, அவள் உட்கார்ந்தால் முத்துலெட்சுமி அக்கா போடும் மின்விசிறி. ஒருவேளை ஒரே பிளக்கில் இருக்கலாம். ஐந்தாவதை எண்ணவே இல்லை. எங்கள் தொழிலில் அது கைவிரல் மாதிரி. விரலை விரல்விட்டு எண்ணுவார்களா?

லேபில் மெஷின் அணைந்து கிடந்தது. முத்துலெட்சுமி அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வைத்தியர் வந்தாச்சு. இனி எந்திரிச்சிரும்" என்றார்.

நான் மெஷினின் முன் உட்காரவில்லை. எப்போதும் என்ன செய்வாளோ அதை அப்படியே செய்யச் சொன்னேன். பென்டிரைவைச் செருகினாள். அக்கா பட்டனை அமுக்கினார். எழுந்தது.

"இப்ப நீ வெளிய போ" என்றேன்.

"வெளியவா?"

"தாழ்வாரத்துல போய் நில்லு. போனையும் எடுத்துக்கிட்டுப் போ."

அவள் நோயாளிகளோடு போய் நின்றாள். அக்கா மறுபடி பட்டனை அமுக்கினார். எழுந்தது. பையை எடுத்து வெளியே கொடுத்தேன், எழுந்தது. மின்விசிறியை அணைத்தோம், எழுந்தது.

"புழுக்கத்துலயும் எந்திரிக்கி. எனக்குத்தான் முடியல" என்றார் அக்கா, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு.

இனி எண்ணுவதற்கு என் கையில் ஒன்றுமில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் முகப்பில், நீல விளக்கு மினுங்க, அலுவலகத்துப் பென்டிரைவ் நீட்டிக்கொண்டிருந்தது. 'சரி' வரும்வரை கழற்றக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம். முதல்முறையாக, 'சரி' வருவதற்கு முன்பே அதைக் கழற்றினேன்.

அக்கா பட்டனை அமுக்கினார். கம்பெனிப் படம் வந்தது. நின்றது. அணைக்கப் போனவரைத் தடுத்தேன். "காத்திருங்கக்கா. என்ன சொல்லுதுன்னு பாப்போம்." அந்தப் படத்தை விலக்கினால் பின்னாலிருக்கும் எழுத்து தெரியும். விலக்கினேன். மூன்றாவது டிஸ்க்கைத் தேடுகிறேன் என்ற வரி திரையில் நின்றது. தேடிக்கொண்டே இருந்தது. மெஷினில் இருந்தவை இரண்டே டிஸ்க்.

"நஸ்ரினு, உள்ள வா!" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் கத்தக் கூடாது என்று ஒரு பாட்டையா கண்டித்தார்.

விஷயம் இதுதான். டிஸ்க்குகள் எந்த வரிசையில் பதில் சொல்கின்றனவோ அந்த வரிசையில் மெஷின் அவற்றுக்கு முதல், இரண்டாவது, மூன்றாவது என்று பெயர் வைக்கும். பென்டிரைவ் கேட்டவுடன் பதில் சொல்லிவிடும். கேபிளில் தொங்கும் டிஸ்க் சுழன்று எழுந்து பதில் சொல்லச் சற்று நேரமாகும். ஆகவே எங்கள் பென்டிரைவ் இரண்டாவது ஆயிற்று. ஆஸ்பத்திரி டிஸ்க் மூன்றாவது ஆயிற்று. நஸ்ரின் பார்த்தபோது மூன்றாவதாக இருந்ததால் மூன்றாவது என்று எழுதினாள். நிதானமும் பார்த்தது, மூன்றாவது இருக்கிறது, சரி என்றது. ரீஸ்டார்ட்டிலும் பென்டிரைவ் இருந்தது, சரி என்றது. அவள் கழற்றிக்கொண்டு வந்ததும் அந்த டிஸ்க் இரண்டாவது ஆகிவிட்டது. மறுநாள் காலை மெஷின் இல்லாத மூன்றாவதைத் தேடிக்கொண்டு நின்றது.

கையால் எழுதுகிற எவனுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. பென்டிரைவே இல்லாதவனுக்குப் பெயர் எப்படி மாறும்? பாதுகாப்புக்காக ஒன்றைச் செருகி, பாதுகாப்புக்காகவே அதைக் கழற்றாமல் வைத்திருந்த எங்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு.

நஸ்ரின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அப்ப நான் சொன்னது நெசந்தானேக்கா?" என்றாள். அதை ஏன் என்னிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. மூன்று நாளில் அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"மெஷின் எந்திரிச்சிருக்கா, படுத்திருக்கா?"

"ரெண்டும் அண்ணாச்சி. நிதானந்தான் தப்பாச் சொல்லியிருக்கு."

"அப்படியே வையி. சரிபண்ணிராதீங்க. நான் வாரேன்" என்றார்.

பைக்கில் வந்தார். வந்ததும் முத்துலெட்சுமி அக்காவிடம் அனுமதி கேட்டார். தானே குனிந்து பென்டிரைவைச் செருகினார், கழற்றினார், ஒவ்வொரு தடவையும் அக்காவை அமுக்கச் சொன்னார். பிறகு நோயாளிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கையைக் கட்டாமல் அவரை நான் பார்த்தது அப்போதுதான், முழங்கால்மேல் வைத்திருந்தார்.

"ஏட்டி நஸ்ரினு" என்றார். "காலையில நான் சொன்னது தப்பு. அது அங்க எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா? போய் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுதேன். இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. இதை எப்படிச் சரிபண்ணலாம்?"

"டிஸ்க்குக்கு முதலு, ரெண்டாவதுன்னு பேரு வச்சு எழுதவே விடக் கூடாது அண்ணாச்சி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளேயே மாறாத நம்பரு இருக்கு. அதைத்தான் எழுதணும்."

"அது முழ நீளத்துக்கு இருக்கும். எவன் தப்பில்லாம அடிப்பான்? பால்துரைய நெனச்சுப் பாரு."

"ஆளு எதுக்கு அடிக்கணும்? நிதானமே எடுத்து எழுதட்டும்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அது மட்டும் நடக்காது. மனுசன் எழுதுனதை டூலு மாத்தக் கூடாது. சுட்டிக் காட்டலாம். மாத்துனா, நாளைக்கு எவன் எழுதுனதுன்னே தெரியாது."

"அப்ப மாத்த வேண்டாம். நம்பரை எடுத்துப் பக்கத்துல காட்டட்டும். இதைப் போடட்டுமான்னு கேக்கட்டும். ஆளு சரின்னா போடட்டும்."

அவர் யோசித்தார். நஸ்ரின் விடவில்லை. "இன்னொண்ணு அண்ணாச்சி. இது பிரதி எடுக்கத டிஸ்க்கு. இது இல்லன்னா மெஷினே எந்திரிக்காதுங்கிறது அநியாயம். துணைக்கு வந்த டிஸ்க்கா, இல்லாமலும் எந்திரிக்கலாமான்னு நிதானம் கேக்கணும். அப்புறம் கடைசி ரீஸ்டார்ட்டுல பென்டிரைவு இருக்கவே கூடாது."

"பென்டிரைவு இல்லன்னா 'சரி' எங்கருந்து வரும்?"

"டூலை மெஷினுக்குள்ள கொஞ்ச நேரம் வச்சுக்கிடணும். 'சரி' சொன்ன பெறவு அதுவே தன்னை அழிச்சிட்டுப் போயிரணும். நம்ம பொருள் எதுவும் இங்க தங்காது."

அண்ணாச்சியின் கொள்கைக்கு அவர் முன்னாலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குறுக்கே, டூல் தன்னை அழிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம்.

முத்துலெட்சுமி அக்கா பேனாவை மேசையில் வைத்தார். "ஏங்க, நீங்க மூணு பேரும் சண்டைய முடிக்கதுக்குள்ள வெளிய இருக்கவங்களுக்குக் காய்ச்சலே கொணமாயிரும். மொதல்ல இதை எழுப்புங்க."

நஸ்ரின் உட்கார்ந்தாள். அந்த நீள நம்பரைப் போட்டாள், டிஸ்க் இல்லாவிட்டாலும் எழலாம் என்பதையும் வரியில் சேர்த்தாள். அண்ணாச்சி பின்னால் நின்று "வாசி" என்றார். அவள் வாசித்தாள், எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, வாசலில் இருந்தவர்களும் கேட்கும்படி. பென்டிரைவைக் கழற்றித் தன் பையில் போட்டாள். அக்கா அமுக்கினார். மெஷின் எழுந்தது. டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டு இன்னொரு முறை எழுப்பினோம். அப்போதும் எழுந்தது. சற்று நேரத்தில் அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அக்கா முதல் தாளை உருவி, வாசலைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி அலுவலகத்துக்குப் போய், சொன்னபடி எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நேர்மையான மனிதர், செய்வார் என்று தெரியும். ஆனால் அடுத்த வாரம் முழுவதும் நிதானத்தைத் திறந்து நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டு, அவள் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்தார். அதுவரை அந்த டூலில் அவர் கை தவிர வேறு கை பட்டதில்லை. அவள் எழுதியதில் ஏழெட்டு இடத்தில் தப்புக் கண்டுபிடித்தார். அவருடைய பழைய பகுதியில் அவள் இரண்டு இடத்தில் கண்டுபிடித்தாள். புதுப் பெண்கள் அலுத்துக்கொண்ட கேள்விகளில் பாதி அந்த வாரத்தில் பிறந்தவை. 'மாறாத எண்ணைப் போடட்டுமா?' என்பது அவளுடையது. 'வெளியிலிருந்து செருகியவை அனைத்தையும் கழற்றிவிட்டீர்களா?' என்பதும் அவளுடையது. 'இந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் எழ வேண்டுமா?' என்பதும்தான்.

பிறகு நாங்கள் ஏற்கெனவே 'சரி' சொல்லிவிட்டு வந்த எல்லா மெஷின்களையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கேயாவது வெளி டிஸ்க் இருந்தால், அங்கேயும் இதே கதை காத்திருக்கலாம். அண்ணாச்சி ஊர்களைப் பிரித்துக் கொடுத்தார். பால்துரைக்கு இளையரசனேந்தல் பக்கம். எனக்குச் சங்கரன்கோவிலுக்குள். வாசுதேவநல்லூர் வந்தபோது, "நஸ்ரினு போகட்டும்" என்றார்.

"யாரு கூட அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"யாரு கூடன்னா? ஒனக்கு ஆள் வேணுமா? அடுத்த மாசத்துல இருந்து அந்தப் பக்கம் முழுக்க ஒன் பொறுப்பு. ராஜி, இவளுக்கு வேலை ஆர்டரை அடிச்சுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இருவரும் பஸ் நிலையத்தில் நின்றோம். அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். முதலில் உம்மாவிடம் சொன்னாள். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு போன் வாப்பா கைக்குப் போயிற்று.

"ஆமா வாப்பா, வச்சுக்கிட்டாங்க... இல்ல, ஆபீஸ்ல உக்காருத வேலை இல்ல. வாசுதேவநல்லூரு... ஆமா, தனியாத்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடையநல்லூர் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சாயங்காலம் வாசுதேவநல்லூர்ல இருந்து கடையநல்லூருக்கு நேரா பஸ் எத்தனை மணிக்கு, அது எங்க வீட்டுப் பக்கத்து ஸ்டாப்புல நிக்குமான்னு வாப்பா கேக்காவ."